பியூர் சயின்ஸ் முடித்த தங்கச்சிக்கு நீட் இல்லாமல் என்னென்ன பட்டப்படிப்பு இருக்கு?

வராகநதி (பெரியகுளம்)

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா. ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பியூர் சயின்ஸ் குரூப். கணக்கு கிடையாது. தாவரவியல் 88, விலங்கியல் 91, வேதியியல் 79, இயற்பியல் 74. நீட் எழுதினா. ஆன்சர் கீ வச்சுப் பார்த்தா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குக்கூட எட்டாது போல இருக்கு.

அப்பா மாந்தோப்புல வேலை பார்க்கிறாரு. இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்பலாம்னு கடன் கேட்டுக்கிட்டு இருக்காரு. அவளுக்கு அதுல விருப்பம் இல்லை. "டாக்டர் ஆகாட்டி என்ன, பயாலஜிலேயே ஏதாவது படிக்கிறேன்"ங்கிறா. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச ஆள் யாரும் இல்லை. நான் ஐ.டி.ஐ. முடிச்சவன். மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, விலங்கியல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எடுத்தா பின்னாடி என்ன கிடைக்கும், எதுக்கு என்ன தகுதி வேணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பணம் கட்டிப் படிக்க வைக்கிற நிலைமை இல்லை.

தாமிரபரணிக்கரை (ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்)

தம்பி, நல்ல மதிப்பெண். முதலில் பயத்தை விடுங்கள். கடன் வாங்கும் பேச்சையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியது, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம். டி.என்.காசா என்பார்கள். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையை வைத்து 400-க்குத் தரவரிசை போடுவார்கள். உங்கள் தங்கைக்கு 332. பல அரசுக் கல்லூரிகளில் விலங்கியலோ தாவரவியலோ கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.

பி.எஸ்சி. மூன்று வருடம், ஆறு பருவம். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றுதான் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். இந்தத் துணைப்பாடத்தை யாரும் கவனித்துச் சேர்வதில்லை. விலங்கியலுக்குப் பெரும்பாலும் தாவரவியலும் வேதியியலும் துணைப்பாடமாக இருக்கும். வேதியியல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். பின்னால் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி என்று எம்.எஸ்சி. மாறிப்போக நினைத்தால், துணைப்பாடத்தில் வேதியியல் படித்தாயா என்று கேட்கும் இடங்கள் உண்டு.

தவளை அறுக்க வேண்டுமே என்று ஒதுங்கும் பெண்பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். கல்லூரி ஆய்வகங்களில் விலங்குகளை அறுப்பதை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2014-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. அந்தப் பயம் வேண்டாம்.

சேரும் முன் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். வெங்காய வேர்நுனியை எடுத்து, அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயத்தில் லேசாகச் சூடு காட்டி, கண்ணாடித் துண்டு வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் இரண்டு பக்கமாக இழுபட்டுப் பிரிவது தெரியும். இதை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்கிறதா, இல்லை ஆசிரியர் ஒன்று செய்து வைக்க நாற்பது பேர் வரிசையில் நின்று எட்டிப் பார்க்கிறார்களா? இரண்டாமாண்டு மாணவியிடம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பெட்ரித்தட்டு (ஓசூர்)

சார் சொன்னது எல்லாம் சரி. ஆனா மூணு வருஷத்துல வேலைக்குப் போகணும்னா மைக்ரோபயாலஜியை ஒதுக்கிடாதீங்க. நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, மருந்துக் கம்பெனியில தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுல இருக்கேன்.

வேலை எப்படின்னு சொல்றேன், தங்கச்சி கற்பனை பண்ணிப் பார்க்கட்டும். ஊசி மருந்து நிரப்புற அறைக்குள்ள காத்து சுத்தமா இருக்கான்னு பார்க்கணும். அதுக்கு ஊட்டம் ஊத்தின தட்டுகளைத் திறந்து வைப்போம். மூஞ்சியில மாஸ்க், மேல முழு கவுன், கையில ரெண்டு அடுக்கு கிளவுஸ், கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். குறிச்ச நேரம் ஆனதும் தட்டை மூடி எடுத்து, பாக்டீரியாவுக்கு 30–35 டிகிரி, பூஞ்சைக்கு 20–25 டிகிரி இன்குபேட்டர்ல வைப்போம். அப்புறம் எண்ணுவோம். ஒரு தட்டுல ஒரே ஒரு புள்ளி முளைச்சிருந்தாலும் அது எங்க இருந்து வந்துச்சு, யார் உள்ள போனாங்கன்னு விசாரணை நடக்கும், பக்கம் பக்கமா எழுதணும். பொறுமையும் சுத்தமும் உள்ள ஆளுக்கு இது நல்ல வேலை. நைட் ஷிப்ட் உண்டு. ஆரம்பச் சம்பளம் பெருசா இருக்காது, ஆனா அனுபவம் ஏற ஏற கம்பெனி மாறி மேல போகலாம்.

தண்ணி பாட்டில், பால், மசாலா, கோழி, கடல் உணவு ஏற்றுமதின்னு எல்லா இடத்துலயும் இந்த டெஸ்ட் உண்டு. வெறும் பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சவரை இந்த வேலைக்கு எடுக்கிறது ரொம்ப அபூர்வம்.

சாக்பீஸ் (முதுகலை ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி)

பெட்ரித்தட்டு சொல்வது தனியார் வேலைக்குச் சரி. அரசு ஆசிரியர் வேலை மனசில் இருந்தால் கணக்கு வேறு.

பட்டதாரி ஆசிரியர் பணியிடம் அறிவியலுக்கு இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று பாடவாரியாகத்தான் வருகிறது. பி.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாள், அதற்கு மேல் நியமனத் தேர்வு. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி முடித்துவிட்டு விலங்கியல் இடத்துக்கு விண்ணப்பித்தால், உங்கள் பட்டம் விலங்கியலுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இல்லையென்றால் நீங்கள் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோகும்.

முதுகலை ஆசிரியருக்கு இன்னொரு கண்டிப்பு. பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. விலங்கியல், எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி என்று போனால் 'கிராஸ் மேஜர்' ஆகிவிடும். தேர்விலே முன்னணியில் வந்து, இதனாலேயே வேலை கைநழுவி அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சேரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தமே.

சில பல்கலைக்கழகங்களில் பட்டத்தின் பெயரே நீளமாக இருக்கும், 'மேம்பட்ட விலங்கியலும் உயிர்த்தொழில்நுட்பமும்', 'தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பமும்' என்பது போல. நல்ல படிப்புகள்தான். ஆனால் பெயர் மாறியிருப்பதால் சமநிலை அரசாணை எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கு (மேட்டுப்பாளையம்)

சாக்பீஸ் மேடம் தொட்ட இடத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். ரெண்டே ரெண்டு வேலையோட தகுதியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

இந்திய வனப் பணி, யு.பி.எஸ்.சி. நடத்துறது. எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம்னு சிவில் சர்வீஸுக்குச் சொல்ற மாதிரி இதுக்குச் சொல்ல முடியாது. கால்நடை பராமரிப்பும் கால்நடை மருத்துவமும், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல், இதுல ஏதாவது ஒரு பாடத்தோட இளநிலைப் பட்டம் இருக்கணும். இல்லைன்னா வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். இந்தப் பட்டியல்ல மைக்ரோபயாலஜி பெயரே கிடையாது.

இப்ப உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலையைப் பாருங்க. உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், பயோடெக்னாலஜி, எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி பட்டம், இல்லைன்னா வேதியியல்ல முதுகலை, இல்லைன்னா மருத்துவப் பட்டம். இதுல தாவரவியலும் விலங்கியலும் இல்லை.

ரெண்டுமே உயிரியல் படிச்சவங்களுக்கான வேலைதான். ஒரு கதவு திறக்குற பட்டத்துக்கு இன்னொரு கதவு திறக்காது. அதனால "எந்தப் பாடம் ஒசத்தி"ன்னு கேட்டு ஊர்ல எல்லாரையும் சுத்தி வர்றதை விட, போக நினைக்கிற நாலஞ்சு வேலையோட பழைய அறிவிக்கையை இறக்கி, 'கல்வித் தகுதி'ங்கிற பத்தியை மட்டும் படிங்க. ஒரு சாயங்காலத்து வேலை. அதுக்கப்புறம் பாடத்தைத் தேர்ந்தெடுங்க.

வனவியலே படிக்கணும்னா மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இருக்கு. பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வனவியல், நாலு வருஷம், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது. காட்டுயிர் பக்கம்னா மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியையும் ஊட்டி அரசுக் கல்லூரியையும் விசாரிங்க, காட்டுயிர் உயிரியலுக்குன்னே துறை வச்சிருக்காங்க.

நெல்லி (ஆராய்ச்சி மாணவி)

இங்க எல்லாரும் அரசு வேலையையே சுத்திப் பேசுறோம். ஆராய்ச்சிக்குப் போற பிள்ளைக்குப் பி.எஸ்சி. பெயர் அவ்வளவு முக்கியம் இல்லைன்னு சொல்லணும்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுல லைஃப் சயின்ஸ் தாள் எல்லாருக்கும் ஒண்ணுதான். தாவரவியல் படிச்சவ, மைக்ரோபயாலஜி படிச்சவ, கால்நடை மருத்துவம் படிச்சவர் எல்லாரும் அதே 200 மதிப்பெண் தாளை எழுதுறாங்க. ஜே.ஆர்.எஃப்.ங்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் இடம் கிடைச்சா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. மாதிரி இடங்களுக்கான ஜாம் தேர்வுல பயோடெக்னாலஜி தாள், மத்திய பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பி.ஜி., மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை உதவியோட நடக்குற எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு கேட்-பி. இதுல உதவித்தொகையோட இடம் கிடைக்கும்.

இந்தத் தேர்வெல்லாம் கேக்குறது மரபியல், செல் உயிரியல், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், உடலியங்கியல், சூழலியல், பரிணாமம். ஒரு நல்ல விலங்கியல் துறையில இது எல்லாமே பாடமா வரும். பி.எஸ்சி. பயோடெக்னாலஜின்னு பெயர் வச்சுட்டு, டி.என்.ஏ.வைப் பெருக்குற பி.சி.ஆர். இயந்திரத்தை அலமாரியில பூட்டி வச்சிருக்கிற காலேஜும் இருக்கு. அப்படி ஒரு இடத்துல லட்சக்கணக்குல கட்டிச் சேர்றதை விட, அரசுக் கல்லூரி விலங்கியல் ஆயிரம் மடங்கு மேல். மூணு வருஷத்துல அடிப்படையை நல்லா படிச்சிட்டு, எம்.எஸ்சி.ல சிறப்புப் பாடத்துக்குப் போகட்டும்.

பெட்ரித்தட்டு

நெல்லி மேடம், உங்க பேச்சுல ஒரு சிக்கல். நீங்க சொல்ற பாதை பி.எஸ்சி. மூணு, எம்.எஸ்சி. ரெண்டு, அப்புறம் நெட், பிஎச்.டி. வீட்டுல அப்பா மாந்தோப்புல கூலிக்குப் போறாரு. அத்தனை வருஷம் அந்தக் குடும்பம் தாங்குமா? மூணாவது வருஷம் முடிச்ச கையோட சம்பளம்னு ஒண்ணு வரணும் இல்லையா. அதுக்கு மைக்ரோபயாலஜி மாதிரி தொழிற்சாலைக்கு நேராப் போற படிப்பு வேணும். அரசுக் கல்லூரிகள் சிலவற்றிலயும் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி இருக்கு. அங்க கிடைச்சா விட்டுடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

நெல்லி

அதை மறுக்கல அண்ணா. அரசுக் கல்லூரியில மைக்ரோபயாலஜி கிடைச்சு, அவளுக்கும் அது பிடிச்சா தாராளமா எடுக்கட்டும். என் பயமெல்லாம் தனியார் கல்லூரியில பெரிய பெயருக்காகக் கடன் வாங்குறதுதான். எங்க வீடும் வசதி இல்லாத வீடுதான். எம்.எஸ்சி.க்கு உதவித்தொகை வந்ததாலதான் நான் இங்க வர முடிஞ்சுது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி எட்டாதுன்னு தொடக்கத்துலேயே கதவைச் சாத்திட வேண்டாம்.

பொன்முடி (ஐசர் திருவனந்தபுரம்)

நானும் தமிழ் மீடியம்ல இருந்து வந்தவன், அதனால எழுதுறேன். ஐசர்ங்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களைப் பத்தி நம்ம ஊர் அரசுப் பள்ளியில யாருமே சொல்றது இல்ல. புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர்னு மொத்தம் ஏழு. பி.எஸ்.-எம்.எஸ். அஞ்சு வருஷம். சேர்றதுக்கு ஐ.ஏ.டி.ன்னு ஒரு தேர்வு. மூணு மணி நேரம், 60 கேள்வி. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொண்ணுலயும் 15. சரியா இருந்தா 4, தப்பா போட்டா 1 குறையும்.

பியூர் சயின்ஸ் படிச்சவங்களும் எழுதலாம். பிளஸ் டூல இந்த நாலு பாடத்துல மூணு இருந்தா போதும், பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55. கணக்குல வர்ற 15 கேள்வியை விட்டுட்டு மத்த மூணுல நல்லா போட்டு வந்தவங்க எங்க விடுதியிலேயே இருக்காங்க. ஆனா உள்ள வந்த பிறகு கணக்குல இருந்து தப்பிக்க முடியாது. முதல் வருஷம் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் உண்டு. உயிரியல் எடுக்கப் போறவனும் கால்குலஸ் படிச்சுத்தான் ஆகணும். கஷ்டமா இருக்கும், சீனியர்கள் உக்காந்து சொல்லித் தருவாங்க.

மத்திய அரசோட இன்ஸ்பையர் உதவித்தொகை கிடைச்சா வருஷத்துக்கு 80,000 ரூபாய். அதுல 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்குன்னு.

ஒரே சிக்கல், ஐ.ஏ.டி. விண்ணப்பம் பெரும்பாலும் பிளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். இந்த வருஷத்துக்கு நேரம் போயிருக்கும். தங்கச்சிக்கு ஆசை இருந்தா ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கிட்டே அடுத்த வருஷம் எழுதலாம். பிளஸ் ஒன் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த இழையைப் படிச்சா இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க. இதே மாதிரி இன்னொரு நிறுவனமான நைசருக்கு நெஸ்ட்னு தனித் தேர்வு, அதையும் சேர்த்துக் குறிங்க. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோட (ஐ.ஐ.எஸ்சி.) நாலு வருஷ பி.எஸ். படிப்புக்கு மட்டும் பிளஸ் டூல கணக்கு கட்டாயம் இருக்கணும், பியூர் சயின்ஸ்க்கு அங்க வழி இல்ல.

செவிலி அக்கா (மதுரை)

மருத்துவமனையில வேலை பார்க்கணும்கிற ஆசை தங்கச்சிக்கு உண்மையா இருந்தா, டாக்டர் இல்லைன்னா விலங்கியல்னு தாவிட வேண்டாம். நடுவுல எத்தனையோ படிப்பு இருக்கு. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், பி.ஃபார்ம் நாலு வருஷம், பிசியோதெரபி, கேட்டல்-பேச்சுப் பயிற்சி, கண் பரிசோதனை, மயக்கவியல் டெக்னாலஜின்னு போகுது. இந்தப் படிப்புகளுக்கான இந்த வருஷத்து சேர்க்கைக் கையேட்டை வாங்கி எதுக்கு எந்தத் தகுதி கேக்குறாங்கன்னு பாருங்க.

முக்கியமான ஒண்ணு. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தப் பரிசோதனை செய்ற வேலைக்கு பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி போதும்னு நிறைய பேர் நினைச்சுச் சேர்றாங்க. அரசு லேப் டெக்னீசியன் பணிக்கு டி.எம்.எல்.டி. மாதிரி மருத்துவ ஆய்வக நுட்பனர் படிப்புதான் கேப்பாங்க. பெயர்ல நுண்ணுயிரியல் இருக்கிறதால அது ஆஸ்பத்திரி படிப்பாகிடாது.

வயல்வரப்பு (வேளாண் அலுவலர்)

பெரியகுளத்துல இருந்துக்கிட்டு தோட்டக்கலைக் கல்லூரியை ஒருத்தரும் சொல்லலையே. உங்க ஊர்லயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. பி.எஸ்சி. (ஹானர்ஸ்) தோட்டக்கலை, நாலு வருஷம். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான்.

கட்ஆஃப் போடுற விதம்: நாலு பாடத்தையும் 50, 50-ஆகக் குறைச்சு 200-க்கு. தங்கச்சிக்கு 44 + 45.5 + 39.5 + 37 = 166. பொதுப் போட்டியில வேளாண்மைக்கு இது பத்தாதுன்னுதான் தோணுது. ஆனா 2021-ல வந்த சட்டப்படி வேளாண்மை, கால்நடை, மீன்வளம், பொறியியல், சட்டம் எல்லாத்துலயும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அந்தத் தரவரிசை தனி. அதுல 166-க்கு நம்பிக்கையா விண்ணப்பிக்கலாம். கிடைச்சா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏத்துக்கும். கடன் வாங்குற பேச்சுக்கே இடமில்லை.

அதே விண்ணப்பத்துல மீன்வளப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கும் சேர்த்துக் கலந்தாய்வு நடத்துறாங்க. பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல்) நாலு வருஷம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல இருந்து இருக்கு. கால்நடை மருத்துவத்துக்குத் தனி விண்ணப்பம். அதுக்கும் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட். ஐந்தரை வருஷப் படிப்பு. கட்ஆஃப் ரொம்ப உயரத்துல நிக்கும், ஆனாலும் 7.5-ல போட்டு வைக்கிறதுல நஷ்டம் இல்லை.

நாலு வருஷ வேளாண் பட்டத்துக்கு இன்னொரு பலன். அரசு வங்கிகள்ல வேளாண் கள அலுவலர் வேலைக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு. வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம், வனவியல் மாதிரி நாலு வருஷப் பட்டம் இருக்கிறவங்கதான் எழுத முடியும். மூணு வருஷ பி.எஸ்சி. தாவரவியல்ல முதல் இடம் வாங்கினாலும் விண்ணப்பிக்க முடியாது.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்ல வேளாண்மை சேர்றவங்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐ.சி.ஏ.ஆர்.) அங்கீகாரம் இருக்கான்னு பார்க்காம பணம் கட்டாதீங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பூவரசு

நடுவுல ஒரு கேள்வி. இப்ப நாலு வருஷ பி.எஸ்சி.ன்னு சொல்றாங்களே, தமிழ்நாட்டு மூணு வருஷப் பட்டம் செல்லாதா?

நெல்லி

செல்லும். யு.ஜி.சி. 2022-ல கொண்டுவந்த சட்டகத்துல மூணு வருஷம் 120 கிரெடிட், நாலு வருஷ ஹானர்ஸ் 160 கிரெடிட். மத்திய பல்கலைக்கழகங்கள்ல இது நடக்குது. நாலு வருஷம் 75 சதவீதத்தோட முடிச்சா எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். நம்ம மாநிலக் கல்லூரிகள்ல மூணு வருஷம், அதுக்கப்புறம் எம்.எஸ்சி. ரெண்டு வருஷம். வெளிநாட்டுல சில பல்கலைக்கழகங்கள் நாலு வருஷப் படிப்பு கேக்கும், எம்.எஸ்சி. முடிச்சிட்டா அந்தப் பிரச்சினை வராது.

வராகநதி

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதியிருக்கீங்க, என்ன சொல்றதுன்னே தெரியல. முழுசையும் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். அப்பாவும் பக்கத்துல உக்காந்து கேட்டாரு. தோட்டக்கலைக் கல்லூரி வாசல் வழியா தினமும் சைக்கிள்ல போறாராம், அங்க நீட் இல்லாம சேரலாம்னு இன்னைக்குத்தான் தெரியுதுன்னாரு. தங்கச்சி ஒரு கேள்வி கேக்கணுமாம், கீழ அவளே எழுதுறா.

சார், மேடம், வணக்கம். எனக்குப் பூச்சிகள் ரொம்பப் பிடிக்கும். மாம்பூ பூக்குற நேரத்துல தத்துப்பூச்சி வந்து பூவெல்லாம் கருகிப் போறதை அப்பாகூடப் போய்ப் பார்த்திருக்கேன். இலையில பிசுபிசுன்னு தேன் மாதிரி ஒட்டும், அதுமேல கரும்பூசணம் படரும். மருந்து அடிச்சும் மறுபடி வரும். அது எங்க இருந்து வருது, பூ இல்லாத மாசத்துல எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை. பூச்சியியல் படிக்கணும்னா விலங்கியல் எடுக்கணுமா, தோட்டக்கலை எடுக்கணுமா? எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. அதனால ஃபெயில் ஆகிடுவேனோன்னு பயமாவும் இருக்கு.

தாமிரபரணிக்கரை

அம்மா, அருமையான கேள்வி. கரும்பூசணம் வரைக்கும் கவனித்திருக்கிறாய், அந்தக் கண்தான் பூச்சியியலுக்கு வேண்டும்.

இரண்டு வழியிலும் போகலாம், போய்ச் சேரும் இடம் வேறு. பயிரைத் தாக்கும் பூச்சி, அதைக் கட்டுப்படுத்தும் முறை என்றால் வேளாண் பூச்சியியல். வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பூச்சியியல் சேர வேளாண்மையோ தோட்டக்கலையோ படித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. விலங்கியலை அங்கே ஏற்க மாட்டார்கள். உன் மனசில் இருப்பது மாமரம் என்பதால் தோட்டக்கலைதான் நேர்வழி.

விலங்கியல் வழியாகப் போனால் எம்.எஸ்சி. விலங்கியலில் பூச்சியியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளில் ஈடுபாடு வந்தால், புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. விலங்கியல் படித்தவர்கள் அங்கே போகலாம். அந்த மையத்தின் கிளை மதுரையிலேயே இருக்கிறது.

ஆக, தோட்டக்கலை முதல் விருப்பம். அரசுக் கல்லூரியில் விலங்கியல் இரண்டாவது. எது கிடைத்தாலும் நீ பூச்சிக்குப் போய்ச் சேரலாம்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்வழிப் பிள்ளைகள்தான். கலைக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு, சேரும்போது கேட்டுக்கொள். வேளாண் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். உயிரியலின் கலைச்சொற்கள் பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமும், ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கும் அவை புதுசுதான். தினமும் ஒரு பக்கம் பாடப்புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்து, புரியாத சொல்லைத் தமிழில் ஓரத்தில் எழுதிக்கொண்டே வா. முதல் பருவம் இடறும், இரண்டாம் பருவத்தில் நடக்க வந்துவிடும்.

சாக்பீஸ்

கண்ணு, தமிழ் வழியிலேயே பட்டம் முடித்தால் டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளியும் தமிழ் வழி என்பதற்குச் சான்று கேட்பார்கள். விலங்கியல் அமைந்தால் தமிழ் வழிப் பிரிவு இருக்கும் கல்லூரியா என்று பார்.

வயல்வரப்பு

விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. 7.5 ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சதுக்குச் சான்றிதழ் வேணும். நடுவுல பள்ளி மாறியிருந்தா ஒவ்வொரு தலைமை ஆசிரியர்கிட்டயும் தனித்தனியா வாங்கணும். தங்கச்சி எட்டாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் மேல்நிலைப் பள்ளியா?

வராகநதி

ஆமா சார். எட்டாவது வரை ஊர்ல நடுநிலைப் பள்ளி, ஒன்பதாவதுல இருந்து டவுன்ல பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

வயல்வரப்பு

அப்ப ரெண்டு சான்றிதழ். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரை நாளைக்குக் காலையிலேயே போய்ப் பாருங்க. லீவு நாள்ல அவங்க ஊருக்குப் போயிட்டா ஒரு வாரம் இழுத்துடும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவையில புதுசா எடுத்தீங்களான்னு பாருங்க. விண்ணப்பம் போடும்போது விருப்ப வரிசையில பெரியகுளத்தை முதல்ல வைங்க, மத்த ஊர் தோட்டக்கலைக் கல்லூரிகளையும் விடாம சேர்த்துக்கோங்க. எங்கேயாவது சிக்கினா இங்கேயே எழுதுங்க, ராத்திரி பார்த்துப் பதில் போடுறேன்.